கண்ணாடி நாட்டின் நாற்காலி

எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்த பிறகுதான் உத்தமன் கோட்டைப் போட்டுக்கொள்வார். முதலில் தட்டைக் கதவோரம் வைப்பார். ஈரக் கையைக் காக்கிக் கால்சட்டையில் துடைப்பார். ஆணியில் தொங்கும் சாம்பல் நிறக் கோட்டை எடுத்து ஒரு உதறு உதறிக் கையை நுழைப்பார். அவரைப் போல இரண்டு பேர் உள்ளே போகலாம், அப்படிப்பட்ட கோட்டு. கைநுனி விரலைத் தாண்டித் தொங்கும். அதை மடித்துவிட்டுக்கொண்டு, நீள மேசையின் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவார். உட்கார்ந்துவிட்டால் அவர் பியூன் இல்லை. ஒரு நாடு.

நாட்டுக்கும் டீ வேண்டும் அல்லவா. அதனால் மறுபடி எழுந்துபோய் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு வந்து, தன் முன்னால் தானே மரியாதையாக வைத்துக்கொள்வார். "கண்ணாடி நாட்டுக்குச் சீனி கம்மி" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் தமிழிலேயே சொல்லுவார். பக்கத்து நாற்காலி பெயின்ட் நாடு. அந்த நாட்டுக் கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டி வைப்பார்.

வங்காளத்தில், கிடர்பூரில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், லாரியும் கைவண்டியும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில், ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். வங்காள விரிகுடாவில் எங்கேயோ ஒரு பாறை. பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம். ஐந்து நாட்டுக் கப்பல்கள் அந்த வழியாகப் போகின்றன என்று, ஐந்து நாடும் சேர்ந்து அதை நடத்துவதாக எந்தக் காலத்திலோ ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் சண்டை வரும், பொருளாகக் கொடுப்போம் என்று யாரோ ஒரு புத்திசாலி அன்றைக்குச் சொல்லியிருக்கிறான். சண்டை அன்றிலிருந்து ஓயவில்லை.

உத்தமன் எந்த நாட்டையும் அதன் பெயரால் சொல்லுவதில்லை. சிவப்பும் வெள்ளையும் அனுப்புவது பெயின்ட் நாடு. ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொடுப்பது டீசல் நாடு. படகும் வடமும் கயிறு நாட்டுப் பங்கு. விளக்கைச் சுற்றி ஆளுயரம் நிற்கும் கண்ணாடியும் ஒரு வயர்லெஸ் பெட்டியும் கண்ணாடி நாடு கொடுத்தது. நம் நாடு கொடுப்பது ஆளும் டீயும்.

வடத்தில் தொங்கிக்கொண்டுதான் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். வடம் வந்து சேரும்போது பெயின்ட் காய்ந்திருக்கும். புதுப் பெயின்ட் வரும்போது வடம் மக்கியிருக்கும். ஒரே ஒரு வருஷம் இரண்டும் தப்பித் தவறிச் சேர்ந்து வந்தன. பாதி அடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து கோபுரம் கிழக்கே சிவப்பு, மேற்கே வெள்ளை. கிழக்கிலிருந்து வந்த கப்பல்காரர்கள் சிவப்புக் கோபுரம் என்று குறித்துக்கொண்டார்கள், மேற்கிலிருந்து வந்தவர்கள் வெள்ளைக் கோபுரம் என்று. ஒரு நாட்டுக் கடல் படத்தில் அந்தப் பாறையில் இரண்டு கலங்கரை விளக்கம் நிற்கிறது. இரண்டாவதுக்கும் சேர்த்து எண்ணெய் ஊற்ற எங்களால் முடியாது என்று டீசல் நாட்டு அம்மாள் ஒரு கூட்டம் முழுக்க வாதாடினார்.

உத்தமன் அந்த விளக்கைப் பார்த்ததே இல்லை. தூத்துக்குடியிலிருந்து வாலிபத்தில் உப்புக் கப்பலோடு வந்தவர். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. அவருக்குத் தெரிந்த விளக்கு ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் போட்டோதான். காலையில் வந்ததும் அதன் கண்ணாடியை ஊதித் துடைத்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார். ஒரு விஸ்வகர்மா பூஜை அன்று குமாஸ்தா மித்ரா பாபு, எல்லா மிஷினுக்கும் போடுகிற மாதிரி அந்தப் படத்துக்கும் ஒரு செவ்வந்தி மாலையைப் போட்டுவிட்டார். உத்தமன் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கழற்றினார்.

"உசிரோட இருக்க விளக்குக்கு மாலை போடாதிய பாபு. எங்க பக்கம் படத்துல மாலை விழுந்தா ஆளு போயாச்சுன்னு அர்த்தம்."

மித்ரா பாபுவுக்கு இது புரிந்தது. உத்தமனிடம் டீ குடித்துக் குடித்தே தமிழ் கற்றுக்கொண்டவர் அவர். அதனால் ஒரு வங்காளி வாயில் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் வரும். "தப்பா நெனைக்காதிய தாதா, எனக்கு என்னத்த தெரியும்" என்று அவர் சொன்னதும், செயலாளர் வைத்தியநாதன் தன் அறையிலிருந்து தலையை நீட்டி, "ரெண்டு பேரும் ஒரே ஊரா?" என்று கேட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கோட்டு வந்த கதை இது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண்ணாடி நாடு உடைந்துபோனது. பேப்பரிலெல்லாம் வந்தது, எத்தனை துண்டு என்று அவரவர் ஒரு கணக்குச் சொன்னார்கள். அந்த நாட்டுப் பிரதிநிதி ஒரு பெரிய உடம்புக்காரர், உத்தமன் டீயென்றால் உயிர். கூட்டத்தின் நடுவே போன் வந்தது. போய்ப் பேசிவிட்டு வந்தார். மிச்ச டீயை நின்றுகொண்டே குடித்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, உத்தமன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனவர்தான், திரும்பவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. ஐந்து நாற்காலியில் ஒன்று காலியாக இருந்தாலும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அடுத்த கூட்டத்தில் டீத்தூள் வாங்கக்கூட முடிவெடுக்க முடியவில்லை. வைத்தியநாதன் விதியை மேலும் கீழும் படித்துப் பார்த்தார். நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்றுதான் இருந்தது. யார் உட்கார வேண்டும் என்று இல்லை.

"உத்தமா, அந்தக் கோட்டை மாட்டிண்டு செத்த அங்க உக்காரு. இன்னிக்கு ஒரு நாள்தான்."

"நான் உக்காந்தா அந்த நாடு கோவிச்சுக்கிடாதாய்யா?"

"நாடே இல்லையேய்யா. யார் கோவிச்சுக்கறது?"

ஒரு நாள் என்பது வருஷக்கணக்கில் ஓடிவிட்டது. நாற்காலியையே எடுத்துவிடலாம் என்று நடுவில் ஒரு யோசனை வந்தது. அதற்கும் ஐந்து நாற்காலியும் சம்மதிக்க வேண்டும். உத்தமனைக் கேட்டார்கள். "எங்க பெரியவரு வந்து சொல்லாம நான் எப்படிய்யா சொல்ல?" என்று அவர் கையை விரித்துவிட்டார். மற்றபடி எந்தத் தொந்தரவும் இல்லாத நாடு அது. எது கேட்டாலும் "நோ அப்ஜெக்ஷன்." பெரிய உடம்புக்காரர் சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்த வார்த்தை. உத்தமனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ஒரு நாட்டை நடத்த அது போதுமானதாகவே இருந்தது.

பெஹாலாவில் இருக்கும் வீட்டில் மட்டும் இந்தப் பதவிக்கு மதிப்பில்லை. "நாட்டுல அரிசி தீந்து போச்சு. மந்திரிமாரக் கூட்டிப் பேசி ஒரு முடிவெடுங்க" என்பாள் மனைவி ஜெயலக்ஷ்மி. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அதற்கும் அப்ஜெக்ஷன் கிடையாது.

மகள் அகிலாவின் புருஷன் சுந்தர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவன். கரையை விட்டுக் கிளம்பினால் தாடி வளர்ப்பான். திரும்பி வரும்போது அந்தப் பாறை விளக்கின் வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகுதான் கத்தியை எடுப்பான். "அந்த லைட்டு தெரிஞ்சாத்தான் மாமா, வீட்டுக்கு வாரோம்னு மூஞ்சிக்கே தெரியுது" என்று ஒரு தடவை சொன்னான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். உத்தமன் அன்று இரண்டு நேரம் சாப்பிடாமல் சந்தோஷமாக இருந்தார்.

ஆனால் வெளிச்சம் தெரிந்ததும் கப்பல் வீட்டு வாசலுக்கு வந்துவிடாது. ஆற்று முகத்தில் நீரேற்றத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். ஆற்று வழி தெரிந்த பைலட் ஏற வேண்டும். ஹூக்ளி ஆற்றில் மணல் திட்டுகளுக்குப் பயந்து பயந்து ஊர்ந்து வர வேண்டும். கடைசியில் கிடர்பூர் டாக்கின் மதகுக் கதவு திறக்க வேண்டும். அதற்குள் சவரம் செய்த கன்னத்தில் மறுபடி முள் கிளம்பிவிடும். சுந்தர் எப்போது வந்தாலும் உப்புத்தாள் கன்னத்தோடுதான் வருவான். "ஷேவ் பண்ணதும் ஒண்ணுதான், பண்ணாததும் ஒண்ணுதான்" என்று அகிலா சடைத்துக்கொள்வாள். உத்தமனுக்கு மருமகனிடம் தள்ளி நின்றே மரியாதையாகப் பேசிப் பழக்கம். தள்ளி நின்றபடியே அந்தச் சொரசொரப்பைப் பார்த்துக்கொள்வார். தன் விளக்கு எரிகிறது என்பதற்கு அவருக்குக் கிடைக்கிற சாட்சி அது ஒன்றுதான். வயர்லெஸ் பெட்டி கண்ணாடி நாட்டுப் பங்கு. நாட்டோடு அதுவும் போய்விட்டது.

இரண்டாயிரத்து இரண்டில் அகிலா உண்டானாள். சுந்தர் கடலில் இருந்தான். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் சவரம் செய்யக் கூடாது என்பதால் ஜெயலக்ஷ்மிக்கு மருமகனின் தாடி முதல் தடவையாகப் பிடித்துப்போனது. புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் கொடுத்தபோது, அது கண்ணைத் திறக்காமலே ஒரு கொட்டாவி விட்டது. அந்தச் சின்ன முகம் முழுதும் வாயாக ஆகி, மறுபடி முகமாக ஆனது. உத்தமன் அதை அன்றைக்கே ஆபீஸில் எல்லோருக்கும் செய்து காட்டினார். மறுநாளும் காட்டினார். நேற்று வரை தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்ட மித்ரா பாபு அன்றிலிருந்து தாதூ என்று கூப்பிட்டார். வங்காளத்தில் தாத்தாவுக்கு அதுதான் பெயர். டீசல் நாட்டு அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு போட்டோவைப் பார்த்தார். குழந்தை தூக்கத்தில் சிரித்த விவரத்தைக் கண்ணாடி நாடு தெரிவித்தது, கூட்டம் குறித்துக்கொண்டது என்று அன்றைய நடவடிக்கையில் ஏறியே விட்டது. யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அதே கூட்டத்தில்தான் அந்தப் பேச்சும் வந்தது. இப்போது எல்லாக் கப்பலிலும் சாட்டிலைட் பெட்டி இருக்கிறது, விளக்கு எதற்கு என்று கயிறு நாட்டு இளைஞர் எழுதி வைத்து வாசித்தார். வாசிக்க வாசிக்க ஜன்னலில் வெயில் இறங்கியது. டீசல் நாடு சரி என்றது. பெயின்ட் நாட்டுக் கேப்டன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சரி என்றார். நம் நாட்டின் நாற்காலியும் வைத்தியநாதனிடம்தான்; அவரும் சரி என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். இந்த ஆபீஸை மூடினால்தான் அவருக்குச் சென்னைக்கு மாற்றல். மயிலாப்பூரில் வாடகைக்கு விட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லிக்கூட எழுதியிருந்தார்.

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நோ அப்ஜெக்ஷனுக்காகக் காத்திருந்தார்கள்.

உத்தமன் கோட்டுக் கையை இறக்கிவிட்டார். மறுபடி மடித்தார்.

"என்னய்யா, சொல்லேன்" என்றார் வைத்தியநாதன்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமல்லாய்யா."

"இருந்தா?"

"வெளக்கு வைக்க நேரம். இந்த நேரத்துல அணைக்கதப் பத்திப் பேசப்பிடாது. வீட்டுல பச்சப்பிள்ள வேற இருக்கு."

"சரி, அணைக்கறதுன்னு சொல்ல வேண்டாம். குளிர வைக்கறதுன்னு எழுதிக்கறேன்."

"நீங்க எப்படி எழுதினாலும் இருட்டு இருட்டுத்தானய்யா."

வைத்தியநாதன் இதை மேசைக்கு இங்கிலீஷில் சொன்னார். பிறகு பெயின்ட் நாட்டுக் கேப்டன், மரியாதையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் ஊர் மாலுமிகளும் வெள்ளிக்கிழமை எதையும் தொடங்க மாட்டார்கள், இவர் சொல்லுவது நியாயம் என்றார். கூட்டம் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது.

செவ்வாய் ஆகாது என்று உத்தமன் சொல்லிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் வீட்டை விட்டு ஒன்றும் போகக் கூடாது, வெளிச்சமா போகலாம்? சரி, வியாழன் என்றார்கள். இப்போது மித்ரா பாபு எழுந்து நின்றார்.

"வியாழக்கெழம எங்க வீட்டு லக்ஷ்மி வார நாளு ஐயா. தமிழாளு லக்ஷ்மி வெள்ளிக்கெழம வருவா, வங்காளி லக்ஷ்மி வியாழக்கெழம வருவா. அன்னைக்கு லைட்ட அணைச்சா வந்தவ தடுக்கி விழ மாட்டாளா?"

"மித்ரா, நீர் குமாஸ்தா" என்றார் வைத்தியநாதன்.

"குமாஸ்தா வீட்டுக்கும் லக்ஷ்மி வந்துதான ஆகணும்."

சனிக்கிழமையை இரண்டு பேரும் சேர்ந்தே தள்ளினார்கள். ஞாயிறு லீவு. திங்கட்கிழமையில் எந்த மாதத்து முதல் திங்கள் மாலுமிகளுக்கு ஆகாது என்று கேப்டனுக்கு ஞாபகம் வரவில்லை. எதற்கு வம்பு, எல்லாத் திங்களும் வேண்டாம் என்றார். பதின்மூன்றாம் தேதி வேண்டாம் என்று டீசல் நாட்டு அம்மாள் கொஞ்சம் கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டார். உத்தமன் தன் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்தார். மித்ரா பாபு தன் வங்காளிப் பஞ்சாங்கமான பாஞ்சியைக் கொண்டுவந்தார். எந்தத் திதியில் கத்திரிக்காய் தின்னக் கூடாது என்று பாஞ்சியில் இருந்தது. எப்போது எண்ணெய் தேய்க்கலாம், எப்போது மாடு வாங்கலாம், எப்போது மருந்து குடிக்கலாம் என்று பஞ்சாங்கத்தில் இருந்தது. விளக்கை அணைக்க நல்ல நேரம் இரண்டிலும் இல்லை. ஐந்து நாட்டுக்காரர்களும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து தேடினார்கள். அந்த ஆபீஸில் எல்லா நாடும் ஒரு விஷயத்தில் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

இதெல்லாம் எதற்கு என்று மித்ரா பாபு ஒரு நாள் தனியாகக் கேட்டார். உத்தமன் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"சாட்டிலைட்டு இருக்கும் பாபு. யாரு இல்லன்னா? மாப்ள இன்னும் பிள்ள மொகத்தப் பாக்கல. அவன் வார வழியில வாசல் வெளக்க நானே அணைக்கச் சொன்னேன்னு இருக்கப்பிடாது. அவ்வளவுதான்."

மிஞ்சியது புதன்கிழமை. வைத்தியநாதன் ஒரு புதன்கிழமையைக் குறித்தார். யாருக்கும் தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை, உத்தமனிடமே சொன்னார். உத்தமன் தலையைச் சொறிந்தார். "அன்னைக்குப் பேத்திக்குப் பேரு விடுதோம்ய்யா. லீவு கேட்டிருக்கேன்லா." லீவு கொடுத்தாகிவிட்டது என்றார் வைத்தியநாதன். அப்போது அவர் உத்தமனைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

கல்யாணி என்று பேர் விட்டார்கள். வியாழக்கிழமை காலையில் உத்தமன் ஒரு டப்பா நிறையப் பலகாரத்தோடும், கையில் ஒரு பழைய துணிப்பையோடும் மாடியேறினார். மித்ரா பாபு டப்பாவில் கை வைக்கவில்லை.

"தாதூ, நான் நேத்து உங்க நாக்காலியில உக்காந்துட்டேன். ஐயா உக்காரச் சொன்னாவ. நான் என்னத்த செய்ய?"

"உக்காந்து?"

"நோ அப்ஜெக்ஷன் சொல்லிட்டேன்."

உத்தமன் ஜன்னல் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "கோட்டு?" என்றார்.

"ஆணியில கோட்டு இல்லையே. தேடினேன்."

உத்தமன் துணிப்பையிலிருந்து கோட்டை எடுத்தார். சோப்பு வாசம் அடித்தது. போன வாரம் பேத்திக்குக் காட்ட என்று வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "பாத்துக்கோ, தாத்தா இப்பம் ஒரு நாடு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது நாட்டை நனைத்துவிட்டது. ஜெயலக்ஷ்மி துவைத்துப் போட்டாள். ஐப்பசி மழையில் புதன்கிழமை வரை காயவில்லை.

பெயின்ட் நாட்டுக் கேப்டனிடம் இந்தச் செய்தி போனதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். கோட்டு இல்லாமல் உட்கார்ந்தவர் எப்படிக் கண்ணாடி நாடு ஆவார் என்று கேட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் கோட்டுத்தான் நாடு, ஆள் அதற்குள் இருப்பவர் மட்டுமே என்று அடித்துச் சொன்னார். தீர்மானம் செல்லாது. விதியில் கோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை, செல்லும் என்றது கயிறு நாடு. டீசல் நாட்டு அம்மாள் குழந்தைக்கு எத்தனை நாளாகிறது என்று கேட்டுவிட்டுச் செல்லும் என்றார். வைத்தியநாதனும் செல்லும் என்றார், சத்தமில்லாமல்.

விளக்கை அணைக்கச் சொல்லிக் கயிறு நாடு ஒரு உத்தரவு எழுதியது. அணைக்காதே என்று பெயின்ட் நாடு ஒரு உத்தரவு எழுதியது. பாறைக்குப் போகப் படகு ஒன்றுதான். இரண்டு உத்தரவும் ஒரே படகில், ஒரே உறையில் போயின. போன படகு திரும்பி வரவில்லை. புயல் சின்னம் என்று ஏதோ துறைமுகத்தில் ஒதுங்கிவிட்டதாகத் தகவல். பாறையில் இருக்கும் ஆள் இரண்டையும் படித்துவிட்டு என்ன செய்தான் என்று கிடர்பூரில் யாருக்கும் தெரியாது.

"ரெண்டு பேரு பேச்சையும் கேட்டிருப்பான் தாதூ" என்றார் மித்ரா பாபு. "பெயின்ட் அடிச்ச கணக்கா, கிழக்க எரியவிட்டு மேக்க மறச்சிருப்பான்."

வேடிக்கையாகச் சொன்னதுதான். உத்தமன் சிரிக்கவில்லை. சுந்தர் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று யோசித்தார். யோசித்ததில் அன்று டீயில் இரண்டு தடவை சீனி போட்டுவிட்டார். கண்ணாடி நாடு முகம் சுளிக்காமல் குடித்தது.

சுந்தர் ஏதோ துறைமுகத்திலிருந்து போன் செய்தான். தெருமுனை பூத்துக்காரர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். அகிலா பேசி, அழுது, சிரித்து முடித்ததும் ஜெயலக்ஷ்மி ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"மாப்ள, பிள்ள பொறந்தாச்சு. இனும தாடி வேண்டாம், கேட்டியளா. பச்சப்பிள்ள பயந்துரும். எங்க வச்சாவது வழிச்சிட்டு மொழுமொழுன்னு வாங்க."

உத்தமன் பூத்துக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில், "உன்ன யாரு இதச் சொல்லச் சொன்னா?" என்று கேட்டார்.

"தாடியப் பத்திப் பேசினதுக்கா நாடு கோவிக்குது?" என்றாள் அவள். அவர் கவலை வேறு. இப்போது அவன் மொழுமொழுவென்று வந்தாலும் விளக்கு தெரிந்ததா தெரியவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்கில் இறங்கினதும் எதிரிலேயே சலூன். வெறும் மாமியார் பேச்சுக்காக அங்கே வழித்துக்கொண்டு வந்தானென்றால்? முள் குத்தினால் விளக்கு, வழுவழுவென்றிருந்தால் சலூன்.

கப்பல் வந்துவிட்டது, மதகுக்கு வெளியே நிற்கிறது என்று மித்ரா பாபு செய்தி கொண்டுவந்தார். மறுநாள் காலை உத்தமன் ஆபீஸுக்குப் போகவில்லை. ஆணியிலிருந்து கோட்டை மட்டும் முந்தின நாளே வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். அவர் இல்லாத நாற்காலியில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது. குழந்தை எண்ணெய்க் குளியல் முடிந்து, மை தீட்டிய கன்னத்தோடு, தன் முஷ்டியைத் தானே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து முஷ்டியைப் பிரித்துப் பிரித்து விட்டார். அது மூடி மூடிக்கொண்டது.

பெஹாலா சந்துக்குள் மஞ்சள் டாக்ஸி நுழைந்தபோது பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள் சங்கு ஊதினார்கள். ஜெயலக்ஷ்மி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். அகிலா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். சுந்தர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான். தாடி இல்லை.

"பாத்தியளா, சொன்னா கேக்குதாவ" என்றாள் ஜெயலக்ஷ்மி, தெருவுக்கே கேட்கும்படி. "மூணு பேரும் சேந்து நில்லுங்க, சுத்திப் போடுதேன்."

கண் கூசும் வெயில். உத்தமனுக்கு அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. கன்னம் மழமழவென்று இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"மாமா, நல்லாயிருக்கியளா" என்றான் சுந்தர்.

உத்தமன் படியிறங்கினார். ஆரத்தித் தட்டைத் தாண்டி வந்தார்.

"ஏங்க, குறுக்க போவாதிய" என்றாள் ஜெயலக்ஷ்மி.

அவர் மருமகன் முன்னால் வந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவன் மேல் விரல்கூடப் பட்டதில்லை. கையைத் தூக்கி, அவன் மோவாயிலிருந்து காது வரைக்கும் கீழிருந்து மேலாக ஒரு தடவு தடவினார். உப்புத்தாளைத் தேய்த்தது போலச் சரசரவென்று சத்தம் வந்தது. வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. சுந்தர் ஒன்றும் புரியாமல் அசையாமல் நின்றான்.

உத்தமன் அந்தப் பக்கம் சுற்றிப் போய், அவன் மறு கன்னத்தையும் தடவிப் பார்த்தார்.